எந்த இழுப்பு?

சென்ற கார்த்திகையில் என் தங்கை பேத்தியின் கைக்குழந்தைக்குச் சளி முற்றி, திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். பார்க்கப் போனேன். குழந்தையின் மூக்கில் மெல்லிய குச்சி ஒன்றை விட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். நான் உட்கார்ந்து காப்பி குடித்து முடிப்பதற்குள் முடிவு வந்துவிட்டது. "ஆர்.எஸ்.வி. பாசிட்டிவ், பாட்டி" என்றாள் டியூட்டியில் இருந்த சின்ன நர்ஸ். அது ஒரு வைரஸ், பெரியவர்களுக்கு வந்தால் வெறும் ஜலதோஷம், கைக்குழந்தைக்கு வந்தால் நுரையீரலின் கடைசியில் இருக்கிற நூல் போன்ற மூச்சுக்குழல்கள் வீங்கி அடைத்துக்கொள்ளும் என்று பொறுமையாக எனக்கு விளக்கினாள்.

"மருந்து என்ன கொடுக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"இதுக்குன்னு தனியா மருந்து கிடையாது பாட்டி. மூக்கைச் சுத்தமா வைக்கிறோம். ஆக்சிஜன் கொடுக்கிறோம். பாலை ட்யூப் வழியா கொஞ்சம் கொஞ்சமா விடுறோம். அப்புறம் பாத்துக்கிட்டே இருக்க வேண்டியதுதான்."

நாங்களும் இதையேதான் செய்துகொண்டிருந்தோம், பெயர் மட்டும் தெரியாது என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்க காலத்துல ஆக்சிஜன் எல்லாம் இருந்துச்சா பாட்டி?" என்று கேட்டாள். இருந்தது. மின்சாரமும் இருந்தது. மிச்சத்தையும் எழுதிக் கொடுங்கள் என்று அவள் கேட்டதால் எழுதுகிறேன்.

என் பெயர் ஆரோக்கியமேரி. நர்ஸ் பயிற்சி மதுரையில். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. படுக்கை விரிப்பின் மூலையை மடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள், ஊசியைக் கொதிக்கவைக்கக் கற்றுக்கொடுத்தார்கள், டாக்டர் வந்தால் எழுந்து நிற்கக் கற்றுக்கொடுத்தார்கள். மூன்றாவதை மட்டும் எல்லோரும் முதல் நாளே கற்றுக்கொண்டோம். ஐம்பதுகளின் நடுவில் திண்டுக்கல்லுக்கு வந்து, ஓர் ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில் சேர்ந்தேன். ஊரில் பூட்டுக்குப் பஞ்சமில்லை என்பதால் அங்கே எல்லாவற்றுக்கும் பூட்டு உண்டு. பஞ்சு வைத்த அலமாரிக்கு ஒரு பூட்டு. மதுவிலக்குக் காலம், ஆகையால் ஸ்பிரிட் பாட்டில் இருந்த அலமாரிக்கு இரண்டு பூட்டு. ஆக்சிஜன் சிலிண்டரைத் திறக்கும் சாவியையும் ஸ்டோர்கீப்பர் ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தார். மூச்சுத் திணறுகிற குழந்தையை அம்மா கையில் கொடுத்துவிட்டு நான் ஸ்டோர்கீப்பரைத் தேடி ஓடியது உண்டு.

அந்தப் பெட்டியை ஒழித்தவர் டாக்டர் கமலவேணி. எங்கள் வார்டின் பெரிய டாக்டர். எல்லோரும் டாக்டரம்மா என்றுதான் சொல்வோம். வந்த வாரத்தில் ஸ்டோர்கீப்பரைக் கூப்பிட்டு, "செத்த நேரம் மூச்சை அடக்குங்க" என்றார். அவரும் எதற்கென்று தெரியாமல் அடக்கினார். முகம் சிவந்து, கண் பிதுங்கி, மூச்சை விட்டதும், "சாவியைக் கொடுங்க" என்றார் டாக்டரம்மா. அவ்வளவுதான் பேச்சு. அன்றிலிருந்து சாவி சிலிண்டரின் கழுத்திலேயே கயிற்றில் தொங்கியது.

டாக்டரம்மா குழந்தையைப் பார்க்கும் விதமே தனி. முதலில் துணி முழுவதையும் அவிழ்க்கச் சொல்வார். அரைஞாண் கயிறு தவிர உடம்பில் ஒன்றும் இருக்கக் கூடாது. பிறகு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். தொடமாட்டார். ஸ்டெதாஸ்கோப் கழுத்தில் சும்மா கிடக்கும். நெஞ்சைப் பார்ப்பார், வயிற்றைப் பார்ப்பார், மூக்கின் ஓரம் விரிகிறதா என்று பார்ப்பார். பார்த்துக்கொண்டே இருப்பார். பெற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அடுத்துக் குனிந்து குழந்தையின் உச்சந்தலையை முகர்ந்து, "சாம்பிராணி" என்பார். குளிப்பாட்டி, தலைக்குப் புகை காட்டி, அந்தப் புகையிலேயே படுக்கவைத்திருப்பார்கள். சளியோடு கிடக்கும் குழந்தைக்கு அது போதாதா? எல்லாம் முடிந்த பிறகுதான் ஸ்டெதாஸ்கோப் வரும். அதையும் தன் உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கித்தான் வைப்பார். கேள்விகள் கடைசியில். எந்தக் குழந்தையாக இருந்தாலும் உடம்பை முழுசாகப் பார்க்காமல் ஊசி போடக் கூடாது என்பது வார்டுச் சட்டம். அது அவர் இல்லாத நாளுக்கும் பொருந்தும்.

ஊரில் அவருக்குப் "பாக்குற டாக்டரம்மா" என்று பெயர். அது புகழ்ச்சி இல்லை. திண்டுக்கல்லில் அப்போது ஒரு டாக்டர் பெயர் வாங்குவது ஊசியால்தான். கடைவீதிப் பக்கம் ஒருவர் கம்பவுண்டராக இருந்து டாக்டராகி, வாசலில் கால் வைத்தவுடனே ஊசி போட்டுவிடுவார். துணைக்கு வந்தவரும் தப்ப முடியாது. அங்கே கூட்டம் தெருவரை நிற்கும். எங்களிடம் வருபவர்கள் பெரும்பாலும் அங்கே போட்டுவிட்டு வந்தவர்கள்தான்.

என் பெயராலும் ஒரு தொல்லை உண்டு. டாக்டரம்மா வார்டு வாசலில் நின்று, "ஆரோக்கியம்!" என்று கூப்பிடுவார். வத்தலக்குண்டுப் பக்கத்துக்காரர் ஒருவர், அது தன் பிள்ளையைப் பற்றிய தீர்ப்பு என்று நினைத்து, கும்பிடு போட்டுவிட்டு மூட்டையைக் கட்டிவிட்டார். ரயிலடி வரை போய்த் திருப்பிக் கூட்டிவந்தோம்.

ஐப்பசி மழை பிடித்ததென்றால் அந்தச் சளிக்காரக் குழந்தைகள் வர ஆரம்பிப்பார்கள். மார்கழி, தை வரை ஓயாது. எல்லாம் ஒரே அச்சு. வீட்டில் பெரியவர் யாருக்காவது ஜலதோஷம் வந்திருக்கும். இரண்டு மூன்று நாள் கழித்துக் குழந்தைக்கு மூக்கு ஒழுகும். காய்ச்சல் பெரிதாக இருக்காது. அப்புறம் மூச்சு ஓட ஆரம்பிக்கும். நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவதுபோல் சத்தம். பால் குடிக்காது. குடிக்கவில்லையே என்று சங்கில் ஊற்றிப் புகட்டுவார்கள். மூச்சுக்கு வழியில்லாத தொண்டையில் பாலும் போனால் என்ன ஆகும்? அதனால் சங்கை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வது என் வேலை. ஒரு சீசன் முடிந்தால் சன்னலோரம் சங்குகள் வரிசையாக இருக்கும். பார்க்கிறவர்கள் ராமேஸ்வரம் கடை என்று நினைத்துக்கொள்ளலாம்.

வைத்தியம் சின்ன நர்ஸ் சொன்னதுதான். மூக்கில் உப்புத்தண்ணீர் இரண்டு சொட்டு விட்டு, சளியை உறிஞ்ச வேண்டும். இப்போது சுவரில் மோட்டார் இருக்கிறது. அப்போது மோட்டார் நான்தான். கண்ணாடிக் குமிழ் ஒன்று, அதில் இரண்டு ரப்பர் குழாய். ஒன்று குழந்தையின் மூக்கில், மற்றொன்று என் வாயில். நான் இழுத்தால் சளி குமிழில் வந்து விழும். நடுவில் பஞ்சு அடைத்திருக்கும் என்பதால் என் வாய்க்கு வராது என்று பயிற்சியில் சொன்னார்கள். சளி வரவில்லை, ஜலதோஷம் வந்தது, வருஷா வருஷம். நான் தும்மினால் டாக்டரம்மா வார்டுக்குள்ளேயே விடமாட்டார். பேதிக்குச் சேர்த்த குழந்தைகள் குணமாகி வீட்டுக்குப் போகும் நேரத்தில் மூக்கு ஒழுக ஆரம்பிப்பதை அவர் கவனித்திருந்தார். அதைச் சுமந்துபோய்க் கொடுப்பது நம் கைதான் என்று முடிவு கட்டி, கட்டிலுக்குக் கட்டில் சோப்பும் தண்ணீரும் வைக்கச் சொன்னார். கை கழுவிக் கழுவி என் விரல் இடுக்கெல்லாம் வெடித்தது. கல்யாணத்துக்கு மருதாணி வைத்தபோது எரிந்த எரிச்சலை இன்றைக்கும் மறக்கவில்லை.

ஆக்சிஜனை வெந்நீர்ப் பாட்டில் வழியாக விட்டு, குமிழி வருவதைப் பார்த்துத் திருகை அளந்து வைப்போம். மெல்லிய ரப்பர் குழாயைக் குழந்தையின் கன்னத்தில் பிளாஸ்திரி போட்டு ஒட்டுவோம். பாலைப் பீய்ச்சி, வேறொரு குழாய் வழியாக வயிற்றுக்குச் சொட்டுச் சொட்டாக. இதற்கு மேல் டாக்டரம்மாவின் கட்டளை ஒன்றுதான்: "தொடாதே." மூச்சு வாங்கும் குழந்தையைத் தூக்குவது, அழவைப்பது, திருப்பிப் போடுவது எல்லாம் அதன் பலத்தைத் திருடுவது என்பார். ஒரு வேலையும் செய்யாமல் நிற்பதுதான் நான் பார்த்த வேலைகளிலேயே கஷ்டமான வேலை. அதைப் பெற்றவர்களுக்கு விளக்குவது அதைவிடக் கஷ்டம்.

ஒருமுறை வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றைப் படித்துக்கொண்டிருந்த டாக்டரம்மா, இந்தச் சளிக்கு ஏதோ ஒரு கிருமியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்றார். முதலில் சிம்பன்சிக் குரங்குகளிடம்தான் கிடைத்ததாம். "நம்ம பிள்ளைங்க முறை வர நாளாகும்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார்.

இனி அகரத்திலிருந்து வந்த ஒரு குழந்தையின் விஷயம். அறுபதுகளின் தொடக்கம். தைப்பூசத்துக்குப் பழனியில் கூட்டம் கூடும் என்பதால், காலரா தடுப்பூசி போடச் சுற்றுவட்டார ஆஸ்பத்திரிகளிலிருந்து டாக்டர்களை முகாமுக்கு அனுப்புவார்கள். ஊசி போடாத டாக்டரம்மாவை வருஷம் தவறாமல் ஊசி போடத்தான் அனுப்பினார்கள். பூசம் முடிந்து அவர் பஸ்ஸில் திரும்பி வர வேண்டிய நாள் அது. வார்டை டாக்டர் சந்திரசேகரன் பார்த்துக்கொண்டிருந்தார். தஞ்சாவூர்க்காரர், காலேஜை விட்டு வந்து அதிக நாள் ஆகவில்லை. நல்ல மனிதர். யாரிடமும் முகம் சுளிக்க மாட்டார்.

காலையில் பேச்சியம்மாள் வந்தாள். அகரத்துப் பக்கம் தோட்டத்தில் பூ விவசாயம். பின்னால் அவள் புருஷன் வெள்ளைச்சாமி, தலையில் துண்டும் மூக்கில் சளியுமாக. அவள் கையில் பழஞ்சேலையில் சுற்றிய ஆண் குழந்தை, பிறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. முகம் மட்டும்தான் வெளியே தெரிந்தது.

"என்னம்மா?" என்றார் டாக்டர்.

"பிள்ளைக்கு இழுப்புங்கய்யா. நேத்தையிலருந்து இழுக்குது."

"தொடர்ந்து இழுக்குதா, விட்டு விட்டா?"

"செத்த நேரம் தேவலையா இருக்கு. திரும்பவும் இழுத்துருது."

"கண்ணு மேல சொருகுதா?"

"ஆமாங்கய்யா. விடியக்காலம் ரெண்டு தடவை கண்ணு சொருகி, ஒதடெல்லாம் நீலம் பாரிச்சு, மூச்சுப் பேச்சு இல்லாமப் போயிருச்சு. மொகத்துல தண்ணி தெளிச்சுத்தான் வந்துச்சு."

கை கால் வெட்டி வெட்டி இழுக்கும் வலிப்புக்கும் எங்கள் ஊரில் இழுப்பு என்றுதான் சொல்வார்கள். மூச்சு வாங்கி, விலா எலும்பு உள்ளே போய்ப் போய் இழுப்பதற்கும் இழுப்பு என்றுதான் சொல்வார்கள். சொல்கிற ஆள் கையை வெட்டிக் காட்டுவார், அல்லது நெஞ்சைத் தொட்டுக் காட்டுவார், கேட்கிறவருக்கு விளங்கிவிடும். பேச்சியம்மாளின் இரண்டு கையும் பிள்ளையைப் பிடித்திருந்தன. டாக்டர் கேட்டவை எல்லாம் சரியான கேள்விகள். அவள் சொன்னவை எல்லாம் உண்மை. ஆனால் அவர் கேட்டது ஒரு இழுப்பை, அவள் சொன்னது இன்னொரு இழுப்பை. பதில்கள் எல்லாம் இரண்டுக்கும் பொருந்தின.

"ஃபிட்ஸ்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, லூமினால் ஊசி போடச் சொன்னார். வலிப்புக்கு நல்ல மருந்து அது. மூளையை அமர்த்தும், கூடவே மூச்சையும் அமர்த்தும். வலிப்புக்காரக் குழந்தை அதில் தூங்கி எழும். மூச்சுக்குப் போராடுகிற குழந்தைக்குப் போட்டால் அந்தப் போராட்டமும் நின்றுவிடும்.

நானும் ஃபிட்ஸ் என்றுதான் நினைத்தேன். கொதித்து ஆறிய ஊசியில் மருந்தை ஏற்றித் தட்டில் வைத்தேன். பிறகு சட்டப்படி குழந்தையை மேசையில் கிடத்திச் சேலையை அவிழ்த்தேன். டாக்டர் ஸ்பிரிட் பஞ்சோடு பக்கத்தில் வந்து நின்றார். இரண்டு பேரும் பார்த்தோம். கை கால் துவண்டு கிடந்தன, ஒரு வெட்டும் இல்லை. நெஞ்சு உள்ளே போக வயிறு மேலே வந்தது, வயிறு இறங்க நெஞ்சு எழும்பியது. விலா எலும்புகளை எண்ணிவிடலாம். மூக்கு விரிந்து விரிந்து மூடியது. நான் வருஷா வருஷம் உறிஞ்சி எடுத்த அதே சளி.

"இது அந்த இழுப்பு இல்ல" என்றார் டாக்டர் சந்திரசேகரன், மெதுவாக.

நானே கண்டுபிடித்துத் தடுத்தேன் என்று இன்றைக்கு எழுதிக்கொள்ளலாம், மறுக்க ஆள் இல்லை. ஆனால் தடுத்தது துணி அவிழ்க்கும் பழக்கம்தான். டாக்டர் ஊசியை எடுத்து, மருந்து முழுவதையும் கழுவு தொட்டியில் பீய்ச்சினார். நான் போய் ஆக்சிஜன் திருகைத் திறந்தேன்.

இதை வாசலில் நின்று வெள்ளைச்சாமி பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏத்துன ஊசியத் தொட்டியில கொட்டுறீகளே! எம்பிள்ளைக்குப் போட மனசு வரலையா?"

டாக்டர் உள்ளதை உள்ளபடி சொல்லக்கூடியவர். "அந்த ஊசியப் போட்டா உங்க பிள்ளை செத்துப் போயிரும்ங்க" என்றார்.

"அப்ப எதுக்குய்யா ஏத்துனீக?"

குழாயை ஒட்டி, மூக்கை உறிஞ்சி, நாங்கள் பாட்டுக்கு வேலையைப் பார்த்தோம். நெஞ்சு கொஞ்சம் அடங்கியது. ஆனால் நடு நடுவே குழந்தையின் மூச்சு ஓட்டம் நின்றேபோகும். ஒன்றுமே நடக்காததுபோல் சும்மா கிடக்கும், உதடு கறுக்கும். காலையில் அவர்கள் பார்த்த கண் சொருகல் இதுதான். மிகச் சின்னக் குழந்தைகளுக்கு இந்தச் சளியில் இப்படி வரும். உள்ளங்காலைச் சுண்டினால் திடுக்கிட்டு மூச்சை இழுக்கும். சுண்டாவிட்டால் இழுக்காது. நான் சுண்டினேன், இழுத்தது.

வெள்ளைச்சாமி இதையும் பார்த்தார். "காலச் சுண்டுறதுக்கா பஸ் ஏறி ஆசுபத்திரிக்கு வந்தோம்? ஒரு ஊசி இல்ல, ஒரு மருந்து இல்ல. ஏ புள்ள, தூக்கு. இழுப்புக்குச் சூடு வைக்கிறவரு இருக்காரு, ஒரே சூட்டுல நிக்கும்" என்று சொல்லிவிட்டு, குதிரைவண்டி பிடிக்க வெளியே போனார். மஞ்சள் கொம்பைச் சுட்டு வயிற்றில் வைப்பார்கள். அது ஒரு பக்கம் இருக்கட்டும். ஆக்சிஜனை எடுத்துவிட்டு அந்தக் குழந்தையைக் குதிரைவண்டியில் ஏற்றினால் பக்கத்தில் இருக்கும் பேகம்பூரைக்கூடத் தாண்டாது. டாக்டர் அவர் பின்னாலேயே போய்ச் சமாதானம் பேசினார். கெஞ்சினார் என்றே சொல்ல வேண்டும். பலிக்கவில்லை. வண்டி வந்து வாசலில் நின்றது.

வெள்ளைச்சாமி உள்ளே வந்து கையை நீட்டினார். பேச்சியம்மாள் அதுவரை அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போதும் சத்தம் போடவில்லை.

"மூத்தவளுக்கு இழுப்பு வந்தப்பவும் அங்கனதான் தூக்கிட்டுப் போனோம்" என்றாள். "போகும்போது நான் தூக்கிட்டுப் போனேன். வரும்போது நீங்க தூக்கிட்டு வந்தீக. கேட்டுக் கேட்டுப் பாத்தேன், ஊரு வர்ற வரைக்கும் எங்கையில தரல."

அவர் கை அப்படியே நின்றது. பிறகு வெளியே போய், வேப்பமரத்தடியில் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வண்டிக்காரர் செத்த நேரம் பார்த்தார், அவராகவே குதிரையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. குழந்தையின் மூச்சு மறுபடி நின்றதால் அழ நேரமில்லாமல் போயிற்று.

மத்தியானத்துக்கு மேல் டாக்டரம்மா பழனிப் புழுதியோடு பஸ்ஸைவிட்டு இறங்கி நேரே வார்டுக்கு வந்தார். கையைக் கழுவினார். பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பார்த்தார். குனிந்து முகர்ந்து, "சாம்பிராணி" என்றார். டாக்டர் சந்திரசேகரன் ஊசி விஷயத்தை ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். டாக்டரம்மா கேட்டுவிட்டு, "அவுத்துப் பாத்தீங்கல்ல" என்றார். அதற்குமேல் அதைப் பற்றி என்றைக்கும் பேசவில்லை.

"அப்பன் எங்கே?"

மரத்தடியிலிருந்து கூட்டிவந்தோம். வரும்போதே இரண்டு தும்மல்.

"வீட்டுல மொதல்ல சளி யாருக்கு?"

"எனக்குத்தாந் தாயி. பூ மார்க்கெட்டுல பனியில நின்னது."

"பிள்ளைக்கு நீதான் கொடுத்திருக்கே. ஆரோக்கியம், இவருக்கு ஒரு ஊசி போடு."

"எனக்கா?"

"வந்த எடத்துலதானே மருந்து போடணும்?"

நான் பி காம்ப்ளெக்ஸ் ஏற்றினேன். நல்ல சிவப்பு நிறம், நன்றாக வலிக்கும். வெள்ளைச்சாமி பல்லைக் கடித்துக்கொண்டு போட்டுக்கொண்டார். இடுப்பைத் தேய்த்தபடி வெளியே போனவர், பக்கத்துக் கட்டில் குழந்தையின் அப்பாவிடம், "எம்மகனுக்குள்ள ஊசிய எனக்குப் போட்டுட்டாக, சரியான மருந்து, காலு மரத்துப் போச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதன்பிறகு சூடு, குதிரைவண்டி என்ற பேச்சே அவர் வாயில் வரவில்லை. குழந்தைப் பக்கம் வரும்போது டாக்டரம்மா சொன்னபடி மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக்கொண்டு வந்தார்.

டாக்டரம்மா பேச்சியம்மாளைக் கட்டிலின் கால்மாட்டில் உட்காரவைத்தார். "நெஞ்சைப் பாத்துக்கிட்டே இரு. ஓடினா விட்டுரு. நின்னா உள்ளங்காலைச் சுண்டு. சுண்டியும் வரலைன்னா கத்து. இதுதான் மருந்து. நீதான் கொடுக்கணும்" என்றார். அவள் பீய்ச்சிக் கொடுத்த பாலைக் குழாயில் விடுவதும், அவளுக்கு இட்லியை வாயில் ஊட்டாத குறையாகக் கொடுப்பதும் என் வேலை ஆயிற்று. கண்ணை எடுக்க மாட்டாள். மற்ற தாய்மார்கள் பேச்சுக் கொடுத்தாலும் நெஞ்சைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்வாள். அவள் விரல் பூக்கட்டிப் பழகிய விரல், சுண்டுவது அளவாக இருக்கும். சில நேரம் நான் நின்றுவிட்டது என்று கவனிப்பதற்குள் அவள் சுண்டி முடித்திருப்பாள்.

இந்தச் சளி முதல் நாளைவிட அடுத்த நாள் மோசமாகும். அப்படித்தான் ஆயிற்று. மறுநாள் உச்சி வெயிலில் நான் பாட்டிலில் வெந்நீர் மாற்றிக்கொண்டிருந்தேன். "நர்ஸம்மா!" என்று ஒரு சத்தம். வார்டே எழுந்து நின்றது. அவள் சுண்டியிருக்கிறாள், மறுபடி சுண்டியிருக்கிறாள், வரவில்லை. குழந்தை ஈய நிறத்தில் கிடந்தது. குமிழை வாயில் வைத்து ஒரே இழுப்பு இழுத்தேன். மூக்கிலிருந்து ஒன்றும் வரவில்லை. குழாயைத் தொண்டைக்கு இறக்கி மறுபடி இழுத்தேன். பசை மாதிரி ஒரு கட்டி வந்து கண்ணாடியில் விழுந்தது. டாக்டரம்மா வந்து, குனிந்து, குழந்தையின் வாயையும் மூக்கையும் சேர்த்துத் தன் வாயால் மூடி, கன்னத்துக் காற்றை மட்டும் மெல்ல ஊதினார். நெஞ்சு எழும்பியது. மறுபடி ஊதினார். நான் மனசுக்குள் மாதாவைக் கூப்பிட்டேன். பேச்சியம்மாள் எங்கள் இருவருக்கும் நடுவே கையை விட்டு அந்த உள்ளங்காலைச் சுண்டிக்கொண்டே இருந்தாள். குழந்தை ஒரு விக்கல் விக்கியது, பிறகு அழுதது. பூனைக்குட்டிச் சத்தம்தான், ஆனால் அழுகை.

டாக்டரம்மா வாயைத் துடைத்துக்கொண்டு, "தொடாதே, இனிமே தானா ஓடும்" என்றார். அப்படியே சுவரில் சாய்ந்து நின்றார். அவர் எங்கேயாவது சாய்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

அதற்குப் பிறகு மூச்சு நிற்பது குறைந்தது, பிறகு இல்லாமலே போயிற்று. ஒருநாள் காலை குழந்தை என் சுண்டுவிரலைக் கவ்விச் சப்பியது. பாலுக்கு அழுதது. குழாயை எடுத்தோம். பேச்சியம்மாள் மார்பில் போட்டுக்கொண்டபோது, மூச்சு விட ஒரு முறை நிறுத்தி, மறுபடி குடித்தது. வெள்ளைச்சாமி மார்க்கெட்டிலிருந்து செவ்வந்தியை ஒரு கூடை கொண்டுவந்து எல்லாக் கட்டிலுக்கும் கட்டிவிட்டார். டாக்டரம்மா பார்த்துவிட்டு, தும்மல் வரும், அவிழ்த்துவிடு என்றார். அவிழ்த்தேன். ஒன்றை மட்டும் நான் தலையில் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குப் போகும் நாளில், சாம்பிராணி கூடாது, சங்கு கூடாது, சளிக்காரர் பக்கத்தில் வரக் கூடாது என்று எல்லாம் சொல்லி முடித்தோம். வெள்ளைச்சாமி பஸ்ஸுக்கு முன்னால் போய்விட்டார். பேச்சியம்மாள் மட்டும் பிள்ளையோடு நின்றுகொண்டே இருந்தாள்.

"என்னம்மா?" என்றார் டாக்டரம்மா.

"ஒண்ணு கேக்கணும் தாயி. எங்க மூத்தவளுக்கும் இழுப்புத்தான் வந்துச்சு. அவளுக்கும் இம்புட்டு வயசுதான். இப்படித்தான் கண்ணு சொருகுச்சு. அவ உள்ளங்காலை நான் சுண்டியிருந்தா, இருந்திருப்பாளா?"

டாக்டரம்மா தன் கண்ணால் பார்க்காத குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. பெரிய இடத்து மனிதர்கள் ஆள் விட்டுக் கேட்டாலும், "தூக்கிட்டு வாங்க, பாத்துட்டுச் சொல்றேன்" என்பார். அந்தப் பெண் குழந்தையை இனி யாரும் தூக்கிக்கொண்டு வர முடியாது.

டாக்டரம்மா முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்த கையை எடுத்தார். பேச்சியம்மாளின் தோளில் வைத்தார்.

"இல்லம்மா. அந்த இழுப்பு வேற, இந்த இழுப்பு வேற" என்றார்.

பேச்சியம்மாள் அவர் முகத்தைப் பார்த்தாள். அந்தக் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து பிள்ளையின் நெஞ்சைப் பார்த்தாளே, அதே பார்வை. டாக்டரம்மாதான் முதலில் கண்ணைத் தாழ்த்தினார்.

"சரி தாயி" என்றாள். "அது வேறயாவே இருக்கட்டும்."